இடி வேறு துறை

பர்னபியில் நான்காம் மாடி,
திரை இழுத்த சன்னல்.
போன வாரத்திலிருந்து நான் செய்வது
சஸ்காச்சுவான் வானத்துக்கு ஒரு மின்னல்.

கோதுமை விளைந்துவிட்டது; அது வேறொருவர் வேலை.
மேகம் மும்பையிலிருந்து வந்து இறங்கியது
நாற்பது கிகாபைட் கனத்தில்.
தானியக் கிடங்கு, மண்சாலை,
ஒரு பக்கம் சாய்ந்த டிரக்,
எல்லாம் தயார்.
வானம் மட்டும் சும்மா இருக்கிறது.

தமிழில் அதற்குக் கொடி என்று பேர்.
அந்தப் பேரை நம்பி
அவரைக்கொடி படர்த்தும் மென்பொருளைத்
தலைகீழாகக் கவிழ்த்தேன்.
கிளைக்குக் கோணம் பதினாறு,
கணுவுக்குக் கணு கொஞ்சம் தடுமாற்றம்,
நுனிக்குப் போகப் போக மெலிவு,
இலைகள் பூஜ்யம்.
விதை எண் 4417.
முளைத்தது.

"அழகு" என்றாள் லோர்னா,
பக்கத்து மேசை, மூஸ் ஜாவில் பிறந்தவள்.
எங்கள் தொழிலில் அழகு என்பது
திருப்பி அனுப்புகிற சொல்.
"வேர் மாதிரி இருக்கு.
அவசரமே இல்லை அதுக்கு."

உண்மைதான்.
கொடிக்குப் பந்தல் தெரியும்.
இதற்குத் தரை எங்கே என்று தெரியாது.
இருட்டில் சுவிட்சைத் தேடும் கைபோல
இங்கே தடவி அங்கே தடவி
தவறிய விரல்களையெல்லாம் பாதியில் விட்டுவிட்டு
ஒன்று மட்டும் தொட்டுவிட
வீடு முழுக்க வெளிச்சம்.

ஐந்து ஃபிரேம்.
முதலாவதில் வெள்ளை, இரண்டாவதில் பாதி,
மூன்றில் மறுபடியும்,
நான்கில் இருட்டுக்கு ஓர் எட்டு முன்னால்,
ஐந்தில் ஊதா நிறத்தில் ஒரு சந்தேகம்.
இதற்கு ஒன்பது நாள்.
சம்பளச் சீட்டை வைத்துக் கணக்குப் பார்த்தால்
ரொம்பவும் விலை கூடிய கண்சிமிட்டல்.

இந்த ஊர் மழைக்கு வாய் கிடையாது.
நவம்பரில் குடிவந்து
வாடகை பாக்கி வைத்தவரைப்போலச் சத்தம் காட்டாமல்
மார்ச்வரை இருக்கும்.
ஆறு வருடத்தில்
நான் பார்த்த மின்னல்கள் அத்தனையும்
நானே செய்தவை.

நேற்றிரவு, பதிப்பு 38 திரும்பி வந்த பிறகு,
கில்மோர் நிலைய மேடையில் நின்றிருந்தேன்.
எதிர் மேடையில் ஒருவர்
நனைந்த பீட்சா பெட்டியைத் திறந்து
உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அப்போது
யாரோ ஊரை ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்தார்கள்.

கோடு இல்லை. கிளை இல்லை.
நான் பார்த்தது:
பெட்டி மூடியின் உட்பக்கம்.
அவர் மூக்கின் நிழல், இடது கன்னத்தில்.
தண்டவாளத்தின் முதுகு.
பாதி கட்டிய கோபுரத்தின் மேல்
கிரேனின் ஒவ்வொரு குறுக்குக் கம்பியும்.
விழாமல் நின்ற துளிகள்.
பிறகு இமைக்குள் பச்சையாக
அந்தக் கிரேன் மட்டும் இன்னொரு தரம்.

மின்னலை யார் பார்த்தார்கள்,
அது பார்த்ததையல்லவா பார்க்கிறோம்
என்றெல்லாம் தோன்றியது பிறகுதான்.
அப்போது நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
ஒன்பது நாளாக என் மின்னல்களுக்குப் பின்னால்
ஹெட்ஃபோனின் மௌனம்தான்.
இடி வேறு துறை;
மாண்ட்ரியலில் யாரோ தகரத்தை ஆட்டிச் சேர்ப்பார்கள்.
ஆறு. ஏழு.
வந்தது,
மேல்வீட்டுக்காரர் கட்டிலை நகர்த்துவதுபோல
அத்தனை அக்கறையில்லாமல்.
எதிர் மேடைக்காரர் தலை நிமிர்ந்து
"லேட்" என்றார்.
இடியையா ரயிலையா, தெரியவில்லை.

காலையில் பதிப்பு 39.
கொடியை வேரோடு களைந்தேன்.
மேகத்தின் வயிற்றில் ஒரு விளக்கு,
டிரக்கின் கதவுப்பிடியில் ஒரு புள்ளி,
கதிர் ஒவ்வொன்றுக்கும் அதனதன் நிழல்.
இயக்குநர் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்.
"பிரமாதம்" என்றார்.
"மின்னல் எங்கே?"
லோர்னா மேசைக்கடியில் என் செருப்பை மிதித்தாள்.

பதிப்பு 40.
கொடி திரும்பி வந்தது,
மெலிதாக, மூன்றாம் ஃபிரேமில் மட்டும்.
விதை எண்ணை மாற்றியிருந்தேன்.
புதியது தரைக்கு ஒரு முழம் மேலே தயங்கி
கிடங்கை விட்டுவிட்டு
டிரக்கின் ஏரியலைத் தொடுகிறது.

நான் சொல்லவில்லை அதற்கு.