முன் கேமரா

ஆறாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு, இது.
ஆறாயிரத்து அறுநூறுக்கு ஒரு ரூபாய் குறைவு, அது.
அந்த ஒரு ரூபாயை ரெண்டு கம்பெனிக்காரனும்
எங்கே வைத்திருக்கிறான் என்று கேட்டேன்.
இம்தியாஸ் சிரித்தான்.
டி.எச். ரோட்டில் அவன் கடைக்கு மட்டும்
அத்தனை டியூப்லைட்.

"இது ரெண்டு ஜிபிக்கா, அது மூணு.
பேட்டரி ரெண்டுமே அஞ்சாயிரம்."
அஞ்சாயிரம் என்றதும்
கை தானாகப் போய்ப் பர்ஸைத் தொட்டுப் பார்த்தது.
சீட்டுக் காசு நாலாயிரம்.
கம்மல் அடகில் வட்டி போக ரெண்டாயிரம்.
இருநூறு யுகேஷுடையது,
அவனைக் கேட்காமல் எடுத்தது.

"யூடியூப் பாப்பியாக்கா?"
பார்ப்பேன்.
"கேம் கீம்?"
பையன் ஆடுவான்.
"அப்ப மூணு ஜிபிதான்."
எனக்கு ஜிபி வேண்டாம் தம்பி,
விடிகாலை அஞ்சேமுக்காலுக்கு
என்னை நான்தான் என்று சொல்ல
ஒரு போன் வேண்டும்.

குப்பை வண்டிக் கம்பெனியில் இப்போது
கையெழுத்தும் இல்லை, கைநாட்டும் இல்லை.
முகத்தைக் காட்டினால்தான் கூலி.
பழைய போனில் விரிசல்
நெற்றியில் இறங்கி, உதட்டைக் கடந்து,
தாலிக் கயிற்றுக்குள் போய் மறையும்.
போன மாதம் நாலு நாள்
சிவப்பில் எழுதிக் காட்டியது: முகம் பொருந்தவில்லை.
அந்த நாலு நாளும்
நேதாஜி நகரில் குப்பை அள்ளியது யாரென்று
கம்பெனிக்கு இன்றுவரை தெரியாது.
"பவுடர் போட்டுக்கினு வாம்மா" என்றார்
மேஸ்திரி தணிகைவேலு.
போட்டேன்.
பவுடருக்கும் பொருந்தவில்லை.

இம்தியாஸ் இரண்டு போனிலும்
முன் கேமராவைத் திருப்பிக் காட்டினான்.
இரண்டிலும் அழகாக இருந்தேன்.
இரண்டிலும் கன்னத்து அம்மைத் தழும்பு காணோம்.
டியூப்லைட்டில் யார்தான் சிவப்பில்லை?
"லைட்ட அணை தம்பி."
"ஓனரு கத்துவாருக்கா."
வெளியே எடுத்துப் போகலாமென்றால்
பேங்குப் பேனாவுக்குக் கட்டுகிற மாதிரி
போனுக்கும் கயிறு, இரண்டு முழம்.
அதனால் குனிந்தேன்.
கவுண்டருக்கு அடியில், காலிப் பெட்டிகளுக்கு நடுவே,
மார்கழி விடியல் அளவுக்கு
இருட்டு இருந்தது.
இம்தியாஸும் முட்டி போட்டான்.

முதல் போன் யோசித்தது.
யோசித்து, மஞ்சளில் ஒரு கட்டம் போட்டது,
எனக்கு இல்லை.
என் தோளுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில்
பல் தெரியச் சிரிக்கும் விளம்பரப் பெண்ணுக்கு.
"அவள வேலைக்கு அனுப்புக்கா" என்றான்.
அவளுக்கு வண்டி தள்ள வராது என்றேன்.

இரண்டாவது,
லாரித் தண்ணீர் குடத்தில் தெளிகிற மாதிரி
நேரம் எடுத்தது.
முதலில் மூக்குத்தி.
பிறகு தழும்பு, அம்மை போட்ட வரிசையிலேயே.
கட்டம் ஆடி ஆடி வந்து
என் மேல் உட்கார்ந்தது.
ஜாதகம் எழுதினவன்கூட எனக்கு
இத்தனை சரியாகக் கட்டம் போட்டதில்லை.

பழைய போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
முந்நூறு என்றான்.
"மிச்சம் தொண்ணூத்தொம்போது,
வெள்ளிக்கெழம நூறா குடுத்துடுக்கா."
அந்த ஒரு ரூபாய் எங்கே இருக்கிறதென்று
அப்போது தெரிந்தது.

திங்கட்கிழமை.
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தான்.
எண்ணெய் டேங்கர்கள்
பெட்டி பெட்டியாக நகர்ந்தன,
நகர்ந்தன என்று சொல்வதே அதிகம்.
மணி அஞ்சு நாற்பத்திரெண்டு.
எதற்கும் பார்ப்போமென்று போனைத் தூக்கினேன்.
உடனே கண்டுகொண்டது, பச்சையில்.
தேசம்மா. முகம் சரி.
அதற்குக் கீழே சிவப்பில்:
இடம் சரியில்லை.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என் தெரு,
என் வண்டி, என் துடைப்பம்.
இருபத்தாறாவது டேங்கர்.
இருபத்தேழு.
கையை எட்டினமட்டும் நீட்டி
கேட்டுக்கு மேலே போனைப் பிடித்தேன்,
இரண்டடி அந்தப் பக்கம் போனால்
ஒத்துக்கொள்ளுமோ என்று.

சைக்கிளில் கால் ஊன்றி நின்றவர் கேட்டார்:
"செல்ஃபியாம்மா?"