நாற்பத்தேழாம் உண்டியல்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு
ஈசூன் எம்ஆர்டி வாசலில்
உண்டியலை என் கழுத்தில் மாட்டினார்கள்.
எண் நாற்பத்தேழு.
மூடியில் கம்பி முத்திரை.
"திறந்து பார்க்கக் கூடாது" என்றார் செயலாளர் லோகேந்திரன்,
மன்றத்தின் பொருளாளரே நான்தான் என்பதை மறந்து.

காலி உண்டியலைக் குலுக்கினால்
நம் காதுக்கே கேட்காது.
கமருன்னிஷா தன் பையைத் துழாவி
இரண்டு பத்துக்காசு போட்டாள்.
"சத்தத்துக்கு" என்றாள்.

சிலருக்கு எங்களைக் கண்டதும்
கைத்தொலைபேசியில் அவசரம் முளைத்துவிடும்.
சிலர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டுவார்கள்,
அட்டைதான் இருக்கிறது, காசில்லை.
ஒருவர் நேற்றே போட்டுவிட்டாராம்.
நேற்று நாங்கள் நிற்கவே இல்லை.
"ரொம்ப நன்றி அங்கிள்" என்றேன்.

ஐந்து காசு போட்ட சிறுவன்
மூன்று ஒட்டுவில்லை கேட்டான்,
தனக்கு, தம்பிக்கு, வீட்டு ஆமைக்கு.
லாரிக்குக் காத்திருந்த தொழிலாளி
"எதுக்குக்கா, கோயிலுக்கா?" என்றார்.
இல்லை, அரிசிக்கு.
"அப்ப சரி. கோயிலுக்குன்னா ஊர்ல குடுத்துக்குவேன்."
இரண்டு வெள்ளி விழுந்தது.

பதினொன்றே கால் இருக்கும்.
சட்டைக் கையில் இஸ்திரிக் கோடு கலையாத ஒருவர்
ஐந்து வெள்ளித் தாளை எட்டாக மடித்தார்.
உண்டியல் வாய் விழுங்க மறுத்தது.
சிவப்பு நூல் கட்டிய வீட்டுச் சாவியால்
உள்ளே தள்ளிவிட்டார்.
"நேரா ஒட்டும்மா. கோணலா இருந்தா
பிய்க்கத் தோணும்."

மதியம் புளோக்கின் கீழ்த்தளத்தில்
பொட்டலம் கட்டினோம்.
ஐந்து கிலோ அரிசி, எண்ணெய், பிஸ்கட், டின் மீன்.
போன ஆண்டு நிதி விருந்தில்
மேசைப் பூவுக்கு மட்டும் எண்ணூறு வெள்ளி
(எழுதிய கை என்னுடையது, மறக்காது).
அதில் எத்தனை மூட்டை அரிசி என்று
வகுத்துப் பார்த்தபடி தள்ளுவண்டியை உருட்டினேன்.

பட்டியலில் பெயர்கள் கிடையாது.
வாங்குகிறவர்களின் மானம் கருதி
கதவு எண் மட்டும்.
மின்தூக்கி பழுது.
ஆறாம் மாடி வரை
மூட்டை என் தோளில் மூச்சு வாங்கியது.

இரும்புக் கதவின் அந்தப் பக்கம்
சிவப்பு நூல் ஆடியது முதலில்.
பிறகு ஒட்டுவில்லை,
காலையில் ஒட்டிய இடத்தில், அதே நேராக.
அவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி மூட்டையை.

அரிசி பத்து வெள்ளி, கழித்தல் ஐந்து என்று
எனக்குள் கணக்குப் போட்டது
பாழாய்ப்போன பழக்கம்.

"படியேறியா தூக்கிட்டு வந்தீங்க?" என்றார்.
பார்லித் தண்ணீர் கொடுத்தார்.
குடித்து முடிக்கும் வரை
நின்றுகொண்டே இருந்தார்.
"அடுத்த தடவை உண்டியலுக்கு ஆள் வேணுமா?
எனக்குச் சனிக்கிழமை வேலை இல்லை."
குவளையை வாங்கிக்கொண்டார்.
"மத்த நாளும் இல்லைதான்."

இரவு எண்ணினோம்.
நாற்பத்தேழில் முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி
எண்பத்தைந்து காசு,
மலேசிய சென் கொஞ்சம், ஒரு சட்டைப் பொத்தான்.
"என் இருபது காசு?" என்றாள் கமருன்னிஷா.
வரவு வைத்தாகிவிட்டது என்றேன்.

அந்த ஐந்து வெள்ளித் தாளை மட்டும்
இயந்திரம் இருமுறை துப்பியது.
பிளாஸ்டிக் தாள், எட்டு மடிப்பு,
கையால் நீவினேன், கோப்பிக் குவளையை மேலே வைத்தேன்.
குவளையை எடுத்ததும்
எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"அடுத்த கொடி நாளுக்கு எத்தனை பேர்?"
லோகேந்திரன் பேனாவைத் திறந்தார்.
இதே ஆட்கள், கூட ஒருவர் என்றேன்.
"பேரு?"

கதவு எண் தெரியும்.
பெயரைக் கேட்காமலே
பார்லித் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.