இறங்கும் பெட்டி

எதைப் பற்றிப் படிப்பு என்று கேட்டார்
கறிவேப்பிலை நிறுத்துக்கொண்டிருந்த கடைக்கார அரியகுட்டி.
கொழுப்பு என்றேன்.
"எங்கட ஊரில அதுக்கு அடிதான் விழும், பிள்ளை.
இஞ்ச சம்பளமே தருகினம்!"

மூன்று வருடச் சம்பளம்.
ஃப்ரிபூர் நகரத்தில், ஜன்னலில்லாத அறையில்,
ஈஸ்ட் செல்லுக்குள் ஒரு கொழுப்பு
வலைப்பின்னலில் பிறந்து கோல்ஜிக்குப் போவதை
வேவு பார்த்த சம்பளம்.

இடையில் தண்ணீர்.
ஒட்டாத உறவுக்கு நாம் சொல்லும் அதே எண்ணெய், அதே தண்ணீர்.
தனியே இறங்கினால் கரை சேராது.
சவ்வுகள் இரண்டும்
தொட்டும் தொடாமலும் நெருங்குகிற சந்தில்
ஒரு புரதம், மூடி போட்ட சம்புடம் மாதிரி,
ஒரே ஒரு மூலக்கூறை உள்ளே வைத்து
நனையாமல் கொண்டுபோய் இறக்குகிறது.

வெறுங்கையோடு திரும்புவதில்லை.
அங்கிருந்து வேறொரு கொழுப்பு ஏறிக்கொள்ளும்.
இக்கரை வந்ததும் அது உடைக்கப்படும்.
தெரிந்துதான் வருகிறதா என்று ஒருமுறை
கருத்தரங்கில் கேட்க வாயெடுத்து
தண்ணீர் குடித்துச் சமாளித்தேன்.

இந்தச் சம்புடத்துக்கு உடன்பிறப்புகளைச் சேர்த்தால் ஏழு.
ஒன்றை நீக்கினேன். செல் கண்டுகொள்ளவில்லை.
இரண்டு. மூன்று.
ஆறாவதையும் எடுத்த வாரம்
மதாம் கொர்பத்தோ தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து
"இன்னும் உயிரோடா? என்ன அடம்!" என்றார்.
பிரெஞ்சில் அடத்துக்கும் கொழுப்புக்கும் சம்பந்தமில்லை.
எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

நேற்று இரவு ஏழாவது.
முப்பத்தேழு டிகிரியில் உருக்குலையும்படி
அதை முன்பே மாற்றி வைத்திருந்தேன்.
குமிழைத் திருகியதுதான் வேலை.
விடிகாலை நாலரைக்குப் பார்த்தால்
மொட்டுவிடப் போய் பாதியில் நின்றிருந்தன.
குறிப்பேட்டில் தேதி எழுதினேன்.
"எதிர்பார்த்தபடி" என்று எழுதினேன்.
பேனாவை மூடக் கொஞ்சம் நேரமானது.

காலையில், கீழூருக்கு இறங்கும் கம்பிவட ரயில்.
மோட்டார் கிடையாது.
மேலே ஊர்க் கழிவுநீரைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு
நாங்கள் இறங்குகிறோம்;
அந்தக் கனத்தில் கீழ்ப்பெட்டி ஏறி வருகிறது.
நாற்றம் இருக்கத்தான் செய்தது.
பாதி வழியில், தண்டவாளம் இரண்டாகப் பிரியுமிடத்தில்,
எதிர்ப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் கடந்தது.
உள்ளே ஒரே ஒரு பையன். ஹாக்கி மட்டை,
அவிழ்ந்த ஷூ நாடா,
பள்ளிக்கு நேரமாகிவிட்ட முகம்.

கீழே போனதும்
எங்கள் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.