நிழலுக்கு வாடகை

வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது.
கீழே இரண்டு தளம் கடை,
மேலே ஒன்பது மாடிக் குடித்தனம்,
இடையில் மூன்று தளம் வண்டி நிறுத்த.
ஷேர் ஆட்டோவில் வந்திறங்கும் ஊருக்கு
நானூறு கார் நிற்கும் இடம்.

காலடிப்பேட்டை மெட்ரோவைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி.
கடலைப் பார்த்த பக்கம்
ஜெனரேட்டர், குப்பை அறை, ஜன்னலில்லாத சுவர்.
"உப்புக் காத்தும்மா, கம்பி துரு ஏறிடும்" என்றார் முதலாளி.
காரணம் அதுவல்ல என்று
அறையில் இருந்த ஆறு பேருக்கும் தெரியும்.

அந்தச் சுவரை நான்தான் வரைந்தேன்.
ஒரு கோடு, இரண்டு சொடுக்கு.

மனிதர்களை நட்டதும் நான்தான்.
மென்பொருளில் தயாராக இருந்தார்கள்:
பெட்டி தூக்கியவன், நாய் பிடித்தவள், பலூன் குழந்தை.
முகம் கிடையாது. நிழல் உண்டு,
அதுவும் எந்நேரமும் ஒரே நீளத்தில்.

கட்டடத்தின் நிழலை யாரும் கேட்கவில்லை.

திறப்பு விழா முடிந்த தை மாதம்
பின்கேட்டில் வந்து நின்றாள் நாகவல்லி.
"ரெண்டரைக்கே எங்க தெரு இருட்டிக்குது.
ரெண்டு நாள்ல காயற காரப்பொடி
நாலு நாளாவுது, புழு வைக்குது.
கடைக்கு வாடகை வாங்கறீங்கோ, வூட்டுக்கு வாங்கறீங்கோ.
எங்க மேல போட்டீங்களே நெழலு,
அதுக்கு யாரு வாடகை குடுக்கறது?"

காவலுக்கு நின்ற எபிநேசன் சிரித்துவிட்டான்.
அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
நூற்று நாற்பத்தாறடி உயரம், தை வெயில், நாலு மணி:
முந்நூறு அடி.
மூன்று தெரு, ஒரு வலைக் கொட்டகை, ஒரு அங்கன்வாடி.

மறுநாள் அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.
சரக்கு லிஃப்ட் எந்தப் பக்கம் என்று மட்டும் சொன்னேன்.
வண்டித் தளத்தின் மேற்கு மூலையில் கூரை இல்லை என்றும்,
அங்கே ஐந்தரை வரை வெயில் என்றும்
பேச்சுவாக்கில்.

பங்குனியில் புகார் வந்தது.
முதலில் உணவு அரங்கில். பிறகு டிக்கெட் வரிசையில்.
பிறகு ஏழாம் மாடியில், வாங்க வந்தவர்களுக்குக் காட்டும்
மாதிரி வீட்டின் படுக்கையறையில்.
குழாய் வரைபடத்தோடு என்னை அனுப்பினார்கள்.

பதினான்காம் தூண்.
மேலே ஏசி காற்றை உறிஞ்சும் வாய்.
கீழே, கார்களுக்குப் போட்ட மஞ்சள் கட்டங்களில்
தார்ப்பாய் விரித்து,
கோட்டைத் தாண்டாமல்,
கட்டத்துக்கு ஒரு மீனாக:
காரப்பொடி, நெத்திலி, வாளை.
நான் போட்ட வரைபடத்தை
சொன்னபடி பயன்படுத்திய ஒரே ஆள்.

அறிக்கைப் படிவத்தில் நிரப்பினேன்.
நாற்றத்தின் மூலம்: கடல்.
தொடங்கிய தேதி: தெரியவில்லை.
பரிந்துரை: கிழக்குச் சுவரில் ஜன்னல்.
வரைந்தவர் என்ற இடத்தில் கையெழுத்து.

வீட்டுக்குப் போகையில் பையில் கால் கிலோ நெத்திலி.
மெட்ரோவில் என் இரு பக்கமும் இருக்கை காலியானது.
தண்டையார்பேட்டை வரை
காலை நீட்டி உட்கார்ந்து வந்தேன்.