உஸ்தியா ஆற்றில் ஒரு உழக்கு

ஜூலை பத்தொன்பது, மாலை நாலு பத்து.
கோடியாக் தீவு. உஸ்தியா ஆற்றுத் தடுப்புவேலியில்
அலுமினியக் கம்பிகளுக்கு நடுவே விட்ட ஒற்றை வாயிலில்
நீல முதுகோடு ஒரு சால்மன் நுழைந்தது.
திரை காட்டியது:
கழித்தல் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு.

அதற்கு முந்தைய மீன்வரை
எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஆறு கடலுக்குக் கடன்பட்டுவிட்டதாம்.
நகரத்து அலுவலகத்தில் இந்த எண்ணைப் படித்த இன்னொரு நிரல்
போதிய மீன் ஏறவில்லை என்று முடிவுகட்டி
நாலரைக்கு விரிகுடாவை மூடிவிட்டது.
பதினோரு படகுகள் துறையிலேயே.
நிகிஃபோர் வானொலியில் கத்துகிறார்:
"கண்ணெதிரே ஆறு கொதிக்கிறது,
உங்கள் பெட்டிக்கு மட்டும் என்ன வறட்சி?"

பெட்டியைத் திறந்தேன்.
பழைய சி நிரல், நானூறு வரி.
பன்னிரண்டாவது வரியில்
மீன் எண்ணிக்கை: ஷார்ட்.
பக்கத்தில் யாரோ எழுதிய குறிப்பு:
இந்த ஆற்றுக்கு இது போதும்.

அவன் எழுதிய கோடையில் ஏறியவை
மொத்தமே நாலாயிரத்துச் சொச்சம்;
அகாஃபியாவின் நோட்டில் இருக்கிறது.

சி மொழிக்கும் முகத்தலளவை உண்டு,
ஒவ்வொன்றும் முந்தையதற்கு இரட்டி.
சார் ஓர் ஆழாக்கு.
ஷார்ட் உழக்கு.
இன்ட் உரி.
லாங் என்பதில்தான் வம்பு:
என் மடிக்கணினியில் அது நாழி,
அலுவலக விண்டோஸில் அதே சொல் உரி.
ஊருக்கு ஊர் படி மாறும்;
விதிப்புத்தகமோ "குறைந்தது இவ்வளவு" என்றதோடு
வாயை மூடிக்கொள்கிறது.
இந்த இன்ட்டே ஒரு காலத்தில் உழக்காய் இருந்ததுதான்.

உழக்கில் பதினாறு பிட்.
எண்ணப் பதினைந்து, குறிக்கு ஒன்று.
பதினைந்திலும் ஒன்று நிரம்பி நின்ற நேரம்
ஒரு மீன் வாலாட்டிக்கொண்டு உள்ளே வர,
அத்தனை ஒன்றும் சுழியாய்ச் சரிந்து
ஓரத்தில் சும்மா இருந்த பிட் எழுந்து நின்றது.
வழியவில்லை, சிந்தவில்லை,
புரண்டுவிட்டது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளக்கிற உழக்கை
யார் அளப்பது?

ஷார்ட்டை அழித்தேன்.
குறியே வேண்டாம், மீனில் என்ன கழித்தல் மீன்?
அன்சைன்ட், முப்பத்திரண்டு பிட்,
நானூற்று இருபத்தொன்பது கோடிக்கு மேல் கொள்ளும்.
அகாஃபியா சிரித்தாள்,
இருபத்தாறு கோடையாய் வேலிமேல் உட்கார்ந்து எண்ணுகிறவள்.
"அத்தனை மீனா? தண்ணீருக்கு இடம்?"
பிறகு சிரிக்காமல்:
"இறங்குகிறதையும் எண்ணுமா இது?"

இறங்குகிறதா?

"சிலது வரும், நிற்கும்,
பிடிக்காமல் கடலுக்கே திரும்பிவிடும்.
நாம் வேலி போடுமுன் ஏறியது
வேலி போட்டபின் இறங்கும்.
மே மாதத்து முதல் மீன் பல வருஷம் அப்படித்தான்."

சுழியில் நிற்கும் அன்சைன்ட்டிலிருந்து
ஒரே ஒரு மீனைக் கழித்துப் பார்த்தேன்.
நானூற்று இருபத்தொன்பது கோடியே
நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து
இருநூற்றுத் தொண்ணூற்றைந்து,
ஒற்றை மீன் மனம் மாறியதற்கு.
நிகிஃபோர் அன்றைக்குக் கத்தியிருக்க மாட்டார்.
காலி ஆற்றின் வாயில்
பதினோரு வலையும் விழுந்திருக்கும்.

குறியைத் திரும்ப வைத்தேன்.
உரி; எந்த ஊரிலும் முப்பத்திரண்டேதான் என்று
பெயரிலேயே எழுதிய வகை.
புரண்ட எண்ணோடு அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறைக் கூட்ட,
காணாமல் போன மீன்கள் வரிசையாய் வந்து நின்றன.

பழைய குறிப்பை அழிக்கப்போன விரல் நின்றது.
நாலாயிரம் மீனைப் பார்த்தவன்
எட்டு மடங்கு இடம் விட்டிருக்கிறான்.
அது நம்பிக்கையா,
நினைவகம் இல்லாத காலத்துக் கஞ்சத்தனமா,
எனக்குத் தெரியவில்லை.
அவன் வரிக்குக் கீழே இன்றைய தேதியை மட்டும் போட்டேன்.

ஐந்து ஐம்பது.
விரிகுடா திறந்தாயிற்று. தூரத்தில் எஞ்சின் சத்தம்.
திரையில் முப்பத்து நாலாயிரத்து இருநூற்று ஆறு,
ஏழு,
ஆறு.
"அதோ," என்று கைகாட்டினாள் அகாஃபியா,
"போகிறது பார்."