மறுபடியும் அளந்தபோது

மல்லாவியிலிருந்து ஆறு கட்டை தள்ளி
ஒரு பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான அறைக்கு
தொப்பியோடு வந்திறங்கினோம்.
முப்பத்திரண்டு பொத்தான்கள் தைத்த தொப்பி.
என் வேலை, முடியை விலக்கிப் பசை விடுவது.
"குளிருது மிஸ்" என்பார்கள். பிறகு "கூசுது."
பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காத ஓர் அமைதி.

ஏழு தொடக்கம் ஒன்பது வயது. நாற்பத்தொரு பிள்ளைகள்.
எல்லாரும் சண்டை முடிந்த பின் பிறந்தவர்கள்.
திட்ட வரைவின் முதல் வரி அது.
கடைசி வரியும் எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது.

யஸ்மிதனுக்குப் பேன்.
லோஜிதா கண்ணைச் சிமிட்டினால்
திரையில் ஒரு மலை எழும்பும்.
அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து
வேண்டுமென்றே மலை செய்தாள்.
அவள் செய்த மலைகளை
இரவிரவாக இருந்து வெட்டி எறிந்தேன்.

மூன்றாம் கிழமை பேராசிரியர் கூப்பிட்டார்.
"பாத்தனீரா, பின்னேரப் பதிவுகளில்?
பதினேழு பிள்ளையளுக்கு.
செக்கனுக்கு ஒண்டு, கொஞ்சம் குறைய.
அவ்வளவு ஒழுங்கு."
குரல் தழுதழுத்தது.
"தாய்மாரிட பயம் பிள்ளையளுக்க இறங்கியிருக்கு."
அவரும் இங்கிருந்து போனவர்தான்.

நானும் நம்பினேன்.
நம்ப விரும்பினேன் என்று எழுதுவதே சரி.
ஹெலிச் சத்தம் கேட்டால்
என் அம்மாவின் கை இன்றைக்கும்
அகப்பையோடு அப்படியே நிற்கும்.
அதற்கு ஒரு படம் கிடைக்குமென்றால்
ஆர் வேண்டாம் என்பார்?

முறைப்படி இரண்டு கிழமை விட்டு
அதே தலைகளை மறுபடி அளந்தோம்.
பின்னேரங்களில் மழை பிடித்ததால் காலையில்.
அலை இல்லை.
லோஜிதாவின் இரண்டு எண்களும்
ஒரே தலையில் பிறந்தவை போலவே இல்லை.
அன்றைக்குச் சாப்பிடாமல் வந்தாள்.
இன்றைக்குப் புட்டு.
அன்றைக்குப் பல் ஆடியது.
இன்றைக்குப் பல்லே இல்லை.
எந்த லோஜிதாவை எழுத?

சந்தையில் ஒரு பூசணிக்காய் வாங்கினேன்.
ஈரத்துணி சுற்றி, பசை விட்டு,
தொப்பியை மாட்டினேன். பின்னேரம் மூன்றரை.
வந்தது.
செக்கனுக்கு ஒன்று, கொஞ்சம் குறைய.
எந்தப் பங்கருக்குள் இருந்து பெற்றாள்
இந்தக் காயை இதன் தாய்?

மறுநாளும் அதே நேரம். அதே அலை, அதே உயரம்.
நம்பகத்தன்மைக் கணக்கில்
நாற்பத்தொரு பிள்ளைகளையும் தோற்கடித்தது பூசணிக்காய்.

தலையைச் சொறிந்தபடி வாசலில் நின்ற யஸ்மிதன்
திரையை எட்டிப் பார்த்தான்.
"உது யானை வேலி மிஸ்."
என்ன?
"மூண்டு மணிக்குக் கரண்ட் போடுவினம்.
டிக் எண்டும், பிறகு டிக் எண்டும்.
ஆனை இப்ப வெள்ளன வருது."
வெளியே போய் நின்றேன்.
முதிரை மரங்களுக்கு அந்தப் பக்கம், கம்பியில்,
டிக்.

தொலைபேசியில் நெடுநேரம் சத்தமில்லை.
"வேலியைக் கழிச்சுப் பாத்தனீரா?"
"கழிச்சனான்."
"மிச்சம்?"
"தண்ணி மோட்டர். இடி. சிமிட்டல்.
அதுக்கங்கால ஏதோ கிடக்கு.
பயமா இருக்கலாம், பசியா இருக்கலாம்.
தொப்பிக்குப் பிரிக்கத் தெரியேல்ல."
"பயம் பொய்யில்லையே, பிள்ளை?"
"பொய்யில்லை.
இந்தப் படத்தில இல்லை."

படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்:
நீக்கியதற்கான காரணம்.
பதினேழு தடவை எழுதினேன், யானை என்று.

தோலில் காய்ந்த பசையைச் சீவிவிட்டு
சமையல்கார அக்கா காயைக் கறியாக்கினா.
அடுத்தநாள் காலைச் சாப்பாட்டில்
பல்லுப் போன இடத்தால் காற்றுப் போக
லோஜிதா கேட்டாள்:
"இது யோசிச்ச காயா மிஸ்?"
பதிலுக்கு நிற்காமல்
கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் வாங்கினாள்.