காதுக்குப் பின்னே, காசளவு

வண்டிகளை வரிசையில் நிறுத்துவது என் வேலை.
சல்வடோரிலிருந்து தீவுக்குப் போகும் படகின் கீழ்த்தளத்தில்
இடக்கை காட்டினால் லாரி,
வலக்கை காட்டினால் கார்.
கைகளைப் பார்க்க வேண்டியவர்கள்
கன்னத்தைப் பார்க்கிறார்கள்.

பதினாலு வயதில் வந்த பரு
இருபத்திரண்டில் போனது,
வீட்டைக் காலிசெய்தவன்
ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு
ஓட்டைகளை விட்டுப்போனதுபோல.
லுசிமாரா எல்லோரிடமும் முகம் கொடுத்துப் பேசுவாள்
என்று தளத்தில் எனக்குப் பெயர்.
கொடுக்கும் முகம் எப்படிப்பட்டதென்று
ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நாற்பத்தொன்றாம் பிறந்தநாளுக்கு
எனக்கு நானே வாங்கித் தருவதாகச் சொன்னேன்
ஒரு முகம்.
புதிதல்ல,
கொஞ்சம் நிரவிய பழையது.

டாக்டர் ஜுரேமா இரண்டு வழி சொன்னார்.
லேசர் என்றால்
ஒளி, தோலுக்குள் இருக்கும் நீரைக் கொதிக்கவைக்கும்,
மேல்தோல் புள்ளி புள்ளியாய் ஆவியாகும்,
ஒரு வாரம் வீங்கும், உரியும்,
அடியிலிருந்து வேறொன்று வரும்.
ஊசி என்றால் சூடில்லை.
பேனா போன்ற கருவியின் நுனியில் பன்னிரண்டு ஊசிகள்
குத்திக் குத்தித் தோலை ஏமாற்றும்.
பெரிய காயம் பட்டுவிட்டதென்று நம்பி
அது தன்னைத் தானே தைத்துக்கொள்ளும்.
நாலு முறை, ஐந்து முறை,
இடையில் ஒவ்வொரு மாதம்.

படங்கள் காட்டினார்.
'முன்' பெண்களுக்கு உதட்டுச்சாயம் இல்லை.
'பின்' பெண்களுக்கு இருந்தது,
தலைக்கு மேல் நல்ல விளக்கும் இருந்தது.
சொன்னேன். அவரே சிரித்துவிட்டார்.

எனக்கு நெருப்புதான் பிடித்தது.
ஒரே மூச்சில் முடியுமே.
மாதாமாதம் போய் நிற்பதில்
கடன் கேட்கப் போகிறவளின் கூச்சம் இருக்கிறது.

எத்தனை மாதம் வெயிலைத் தவிர்க்க முடியும் என்றார்.
வெயில் என் மேற்பார்வையாளர், டாக்டர்.
நான் வருமுன்பே தளத்தில் நிற்கும்,
கார்களின் முன்கண்ணாடியில் ஏறி
இன்னொரு முறையும் என்மேல் விழும்.

தன் முன்கையை என் கையருகே வைத்தார்.
இரண்டும் ஒரே பழுப்பு.
"இந்த நிறத்துக்குச் சூடு பட்டால்
சீக்கிரம் மறக்கத் தெரியாது.
அந்தப் படங்களில் நம்மைப்போல் எத்தனை பேர்?"
எண்ணினேன்.
ஒருத்தி. அவளும் நிழலில்.

பிடிவாதம் யாரை விட்டது.
சரி, சோதித்துப் பார்ப்போம் என்று
காதுக்குப் பின்னே, காசளவு இடத்தில்
சுட்டார்.
முடி பொசுங்கும் வாசனை.
கடல்காற்று பட்டு மூன்று நாள் எரிச்சல்.
ஐந்தாம் வாரம்
கண்ணாடிக்கு எதிரே கண்ணாடி பிடித்துப் பார்த்தேன்.
காப்பிக் கோப்பை வைத்தெடுத்த மேசைபோல்
ஒரு கருவட்டம்.

முகமெல்லாம் இதுவாக இருந்திருந்தால்
என்று நினைத்ததும்
கைக்கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன்.

ஊசி. பத்துத் தவணை.
மரத்துப்போகும் களிம்பைப் பூசி
நாற்பது நிமிடம் படுக்கவைத்தார்கள்.
முகமே இல்லாதவள்போல் கிடந்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
பிறகு அந்த ரீங்காரம்.
நெற்றி எலும்பின்மேல் அது நடக்கும்போது
பல்லுக்குள் ஒரு தையல் இயந்திரம்.
ரத்தம் பூத்தது, துடைத்தார்கள், பூத்தது.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன்,
அகலத் தொப்பி, கழுத்துவரை வெள்ளைக் களிம்பு.
"யாரோடு சண்டை?" என்றான் அடெய்ல்டன்.
"பன்னிரண்டு பேரோடு" என்றேன்.

இதுவரை மூன்று முறை.
வலக்கன்னத்தில் ஆழமான இரண்டு பள்ளம்
அப்படியே இருக்கிறது,
அவை அசையாதென்று முதலிலேயே சொல்லியிருந்தார்.
மற்றவை
அலை வழித்துப்போன மணல்போல,
சில நாட்களில், சில வெளிச்சத்தில் மட்டும்.
நேற்று ஒரு மீன் லாரிக்காரர்
நான் காட்டிய கையைப் பார்த்துச்
சரியான வரிசையில் நிறுத்தினார்.
ஊசியா, தொப்பியா, மீன் அழுகும் அவசரமா,
யார் கண்டது.

காதுக்குப் பின்னால் அந்த வட்டம்
கொஞ்சம் வெளுத்திருக்கிறது.
தவணை இன்னும் ஆறு பாக்கி.
எது முதலில் தீருமென்று
எனக்கும் அதற்கும் பந்தயம்.